ஊசியைத் தூக்காமல் கேட்ட ஏழு இசைத்தட்டுகள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தமக்கை மகன் வீட்டுக்கு வந்திருந்தான். மென்பொருள் கம்பெனியில் வேலை. முப்பது வயது நிரம்பவில்லை. பாட்டு என்றால் உயிர். "மாமா, உங்களுக்குப் பிடித்த ராக் ஆல்பங்களை வரிசையாச் சொல்லுங்க, போன்ல ஏத்திக்கறேன்" என்றான். சொன்னேன். உடனே ஒன்றைப் போட்டான். முதல் பாட்டு வரவேண்டிய இடத்தில் நான்காம் பாட்டு வந்தது. அதுவும் பாதியில் இருக்கும்போதே கட்டைவிரலால் தள்ளிவிட்டு வேறொரு ஆல்பத்துக்குப் போனான். "இது கொஞ்சம் ஸ்லோ மாமா" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து பாயசத்தை மட்டும் இரண்டு வாய் குடித்துவிட்டு, எழுந்து அடுத்த கல்யாண வீட்டுக்கு ஓடுகிறவனைப் பார்த்தது போல் இருந்தது. பையன் மேல் குற்றமில்லை. அவன் கையிலிருக்கும் கருவி அப்படிப் பழக்கியிருக்கிறது. சீட்டுக்கட்டைப் போலப் பாட்டுகளைக் கலைத்துப் போடுவது அதற்கு இயல்பாகிவிட்டது. 2021 நவம்பரில் அடேல் என்ற ஆங்கிலப் பாடகி, தம் புதிய ஆல்பத்தைத் தாம் அடுக்கிய வரிசையிலேயே கேட்கவேண்டும் என்று வாதாடி, ஸ்பாட்டிஃபை நிறுவனம் ஆல்பப் பக்கங்களில் கலைத்துப் போடும் முறையை முதலில் வைக்காதபடி செய்தார். உலகப் புகழ் பெற்ற ஒரு பாடகியே கேட்டுத்தான் இந்தச் சின்ன மரியாதையைப் பெற வேண்டியிருந்தது!

ஆகவே அவனுக்குச் சொன்ன பட்டியலை, காரணங்களோடு இங்கே எழுதி வைக்கிறேன். நான் சங்கீத விமரிசகன் அல்ல. பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் நாற்பது வருஷம் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உலகத்தின் சிறந்த ஆல்பங்கள் எவை என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. என் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான்: முதல் பாட்டில் ஊசியை வைத்தால் கடைசிப் பாட்டு வரை தூக்கத் தோன்றாமல் கேட்க முடிகிறதா? நடுவில் ஒரு இடத்திலாவது கை ஊசியை நோக்கிப் போனால் அந்தத் தட்டு பட்டியலில் இல்லை.

இதை எழுத அவசரப்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் வலது காது மந்தமாகி வருகிறது. இரைச்சலில் பழுதாகும் காதில் முதலில் போவது விநாடிக்கு நாலாயிரம் அதிர்வு அளவிலுள்ள மேல் ஓசைகள் என்று காது மருத்துவர் ஒரு வரைபடத்தைக் காட்டி விளக்கினார். கோடு நேராக வந்து, அந்த இடத்தில் கிணற்றில் விழுந்தது போல் இறங்கியிருந்தது. டிரம்ஸில் பித்தளைத் தட்டு எழுப்பும் "ஸ்ஸ்" என்ற ஓசை அந்தப் பக்கம் எனக்கு இப்போது கேட்பதில்லை. ஸ்டீரியோ இசை இரண்டு காதுக்கும் பங்கு போட்டுக் கொடுக்கும் இசை. எனக்கு ஒரு பங்கு கரைந்துகொண்டிருக்கிறது. பாதியைக் காதாலும் மீதியை ஞாபகத்தாலும் கேட்கிறேன்.

இதைப் படிக்கும் அன்பர்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். வெளிமாநிலத்தில் வாழும் தமிழன் தன் பாட்டை விட்டுவிட்டு மேனாட்டுக் கூச்சலைத் தூக்கிப் பிடிப்பானேன் என்று ஒரு தமிழ் விழாவில் பெரியவர் ஒருவர் என்னை நேராகவே கேட்டார். மேடையில் அப்போது கச்சேரி நடந்துகொண்டிருந்தது. "ஐயா, பாடகருக்குப் பக்கத்தில் இருக்கிறதே பிடில், அது எந்த ஊர்ச் சாமான்?" என்று கேட்டேன். பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஐரோப்பியரிடமிருந்து நம் மேடைக்கு வந்தது அது. இன்று அது இல்லாமல் கச்சேரியே இல்லை. பெரியவர் சிரித்துவிட்டார், ஒப்புக்கொண்டாரா என்பது வேறு விஷயம். நான் தமிழ்ப் பாட்டை விட்டவன் அல்ல. காது ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளுக்குப் போய் வரும், அவ்வளவுதான்.

ஊசியைத் தூக்கக்கூடாது என்ற விதியை எனக்குக் கற்பித்தவர், காக்ஸ் டவுனில் எங்கள் எதிர் வீட்டில் இருந்த ஆங்கிலோ-இந்திய அங்கிள். ரயில்வே உத்தியோகம். அவர் வீட்டு முன்னறையில் மேஜை உயரத்துக்கு ஒரு ரேடியோகிராம். கண்டோன்மென்ட் பகுதியில் தமிழும் இங்கிலீஷும் கலந்து பேசி வளர்ந்த பையன்களான எங்களுக்கு அது ஒரு கோயில் மாதிரி. சனிக்கிழமை சாயங்காலம் கதவு திறந்திருந்தால் போய்த் தரையில் உட்காருவோம். கை நீட்டினால், "நீடிலைத் தொடாதே மேன்!" என்று அதட்டுவார். அதில் சங்கீதத் தத்துவம் எதுவும் இல்லை. நடுவில் தூக்கி வைத்தால் தட்டில் கீறல் விழும். புது ஊசி சுலபத்தில் கிடைக்காது. அந்தப் பயத்தில் பிடிக்காத பாட்டையும் பொறுத்துக்கொண்டு கேட்டோம். பிடிக்காத பாட்டு மூன்றாம் சனிக்கிழமை பிடித்துப் போகும். பல பாட்டுகள் எனக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தன.

ஆல்பம் என்ற பெயரே புகைப்பட ஆல்பத்தைப் போன்ற அட்டைப் புத்தகத்திலிருந்து வந்தது. அந்தக் காலத்து 78 சுற்றுத் தட்டுகளில் பக்கத்துக்கு ஒரு பாட்டுதான் அடங்கும். பல தட்டுகளைச் சேர்த்துப் புத்தகம் போலக் கட்டி விற்றார்கள். 1948-ல் அமெரிக்கக் கொலம்பியா கம்பெனி நிமிஷத்துக்கு 33⅓ முறை சுழலும் நெடுந்தட்டைக் கொண்டுவந்தது. பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் இடம் கிடைத்தது. இரண்டு பக்கம், நடுவில் எழுந்து திருப்பிப் போட ஒரு இடைவேளை. இந்த அளவுக்குள் எதை முதலில் வைப்பது, எதை முதல் பக்கத்தின் கடைசியில் வைப்பது என்று யோசிக்கத் தொடங்கியபோதுதான் ஆல்பம் ஒரு கலையாயிற்று. அரியக்குடி ராமானுஜ அய்யங்கார் வர்ணத்தில் தொடங்கி மங்களம் வரை கச்சேரிக்கு ஒரு வரிசை வகுத்தார் என்று சொல்லுவோம். அந்த வரிசையைக் குலைத்துத் தனி ஆவர்த்தனத்தை முதலில் வைத்தால் எப்படி இருக்கும்?

இனி பட்டியல், கீழிருந்து மேலாக.

ஏழாவது, சான்டானா குழுவின் 'அப்ராக்ஸஸ்' (1970). கார்லோஸ் சான்டானா மெக்சிகோவில் பிறந்தவர். தகப்பனார் ஊர் விழாக்களில் பிடில் வாசித்த கலைஞர். 1969 ஆகஸ்டில் உட்ஸ்டாக் விழாவில் இந்தக் குழு மேடையேறியபோது இவர்களுடைய முதல் தட்டுகூட வெளிவரவில்லை. 'அப்ராக்ஸஸ்' இரண்டாவது. ராக் இசையில் தாளம் என்றாலே ஒரு டிரம்ஸ்காரர் அடித்துத் தள்ளுவது என்று நினைத்திருந்த எனக்கு, காங்கோ, டிம்பாலே என்று மூன்று பேர் ஒருவருக்கொருவர் இடம் விட்டு வாசித்தது தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் கஞ்சிராவும் பேசிக்கொள்வதை நினைவூட்டியது. இதிலுள்ள மிகப் பிரபலமான இரண்டு பாட்டும் இவர்கள் எழுதியவை அல்ல. 'பிளாக் மேஜிக் வுமன்' பீட்டர் கிரீனுடையது, 'ஓயே கோமோ வா' டிட்டோ புயேன்டேயுடையது. ஆனாலும் இவர்கள் சொத்தாகிவிட்டன. தட்டின் தொடக்கத்தில் காற்றில் ஆடும் சிறு மணிகளின் ஓசை வரும். எனக்குப் போன ஓசைகளில் அதுவும் ஒன்று. இடது பக்கம் திரும்பி உட்கார்ந்தால் கொஞ்சம் அகப்படுகிறது.

ஆறாவது, டீப் பர்ப்பிளின் 'மெஷின் ஹெட்' (1972). கிதார் வாங்கிய எந்தப் பையனும் முதலில் வாசித்துப் பார்க்கும் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' இதில்தான் இருக்கிறது. அந்தப் பாட்டில் சொல்லும் சம்பவம் முழுக்க முழுக்க நிஜம். 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோ நகரில், ஏரிக்கரைச் சூதாட்ட மாளிகையில் ஒலிப்பதிவு செய்ய இந்தக் குழு போயிருந்தது. டிசம்பர் 4-ந் தேதி அங்கே பிராங்க் ஸாப்பாவின் நிகழ்ச்சி. கூட்டத்தில் யாரோ ஒருவன் வாணத் துப்பாக்கியை மேலே சுட, கூரை பற்றிக்கொண்டு கட்டிடமே சாம்பலாயிற்று. புகை ஏரியின் மேல் படர்ந்தது. இடம் போய்விட்டது, ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவிடம் வாடகைக்கு எடுத்து வந்த ஒலிப்பதிவு வண்டி மட்டும் மிச்சம். காலியாகக் கிடந்த ஒரு ஹோட்டலின் நடைகளில் மெத்தைகளைச் சாத்தி வைத்துப் பதிவு செய்தார்கள். ஆனால் இந்தத் தட்டுக்காக நான் உட்காருவது அந்தப் பாட்டுக்காக அல்ல. ஜான் லார்டின் ஆர்கனுக்காக. மாதா கோயிலில் கேட்டுப் பழகிய வாத்தியத்தைக் கிதாருக்கான ஒலிபெருக்கியில் செலுத்தி உறுமவைத்தார் மனிதர். 2012-ல் காலமானார்.

ஐந்தாவது தட்டுக்குப் பெயரே கிடையாது. லெட் ஸெப்பலின் குழுவின் நான்காவது ஆல்பம் (1971). அட்டையில் குழுவின் பெயரும் இல்லை. உள்ளே நான்கு பேருக்கு நான்கு சின்னங்கள். கடையில் என்னவென்று சொல்லிக் கேட்பது என்பதே ஒரு பிரச்சினை. எல்லோரும் புகழும் 'ஸ்டேர்வே டு ஹெவன்' எட்டு நிமிஷம், அதைப் பற்றி எழுதியவர்கள் ஆயிரம் பேர், நான் விட்டுவிடுகிறேன். எனக்குக் கடைசிப் பாட்டுதான். 'வென் தி லெவீ பிரேக்ஸ்.' ஒரு பழைய மாளிகையின் மாடிப்படி வெளியில் டிரம்ஸை வைத்து, மைக்குகளை மேல்மாடியிலிருந்து தொங்கவிட்டுப் பதிவு செய்ததால் ஜான் பான்ஹமின் ஒவ்வொரு அடியும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் எழும்பும். இது என் வலது காதுக்கும் இன்னும் முழுசாகக் கேட்கிறது. கீழ் ஓசைகள் கடைசி வரை விசுவாசமாக இருக்கும் போலும்.

இந்தப் பாட்டின் மூலம் ஆங்கிலேயருடையது அல்ல. 1927-ல் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆறு கரை உடைத்துப் பெருகியபோது வீடிழந்தவர்களில் பெரும் பகுதியினர் ஏழைக் கறுப்பின மக்கள். 1929-ல் மெம்ஃபிஸ் மின்னி என்ற கறுப்பினப் பெண்மணியும் அவர் கணவர் கான்ஸஸ் ஜோ மெக்காயும் அந்த வெள்ளத்தைப் பாடித் தட்டாக வெளியிட்டார்கள். லெட் ஸெப்பலின் தட்டில் மின்னியின் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள். அதற்காக ஒரு கும்பிடு. எல்லா இடத்திலும் இந்த நேர்மை இருந்ததாகச் சொல்ல முடியாது. 'ஹோல் லாட்டா லவ்' பாட்டுக்காக வில்லி டிக்ஸன் என்ற மூத்த ப்ளூஸ் கவிஞர் 1985-ல் வழக்குப் போட வேண்டியிருந்தது. 1987-ல் சமரசம் ஆயிற்று. ராக் இசையை வெள்ளைக்காரர் இசை என்று சொல்லுகிறவர்கள் அதன் பாட்டன் வீட்டைப் பார்க்காதவர்கள்.

நான்காவது, பாப் டிலனின் 'பிளட் ஆன் தி டிராக்ஸ்' (1975). டிலன் குரலைக் கேட்டு முதலில் எங்கள் அங்கிளே, "ஜலதோஷமா மேன் இவனுக்கு?" என்றார். எனக்கோ பாதி வார்த்தை புரியாது. நான் பத்தாவது வரை தமிழ் மீடியம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டு, ஆங்கில வாத்தியாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தார். டிலனின் இலக்கணத்தையும் சேர்த்துத் திருத்திவிட்டார் என்பது பின்னால்தான் தெரிந்தது! 2016-ல் அவருக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசு அறிவித்தபோது வாத்தியாரை நினைத்துக்கொண்டேன். பிரிவைப் பற்றிய பாட்டுகள் இவை. யார் யாரைப் பிரிந்தார் என்று துருவுவது நமக்கு வேண்டாத வேலை. ஆனால் ஒரு சங்கதி மனசை உறுத்துகிறது. 1974-ல் நியூயார்க்கில் பதிவு முடிந்து, அட்டையும் அச்சாகிவிட்ட பிறகு, டிலனுக்குத் திருப்தி வராமல் டிசம்பரில் மினியாபொலிஸ் நகரில் உள்ளூர் வித்துவான்களை வைத்து ஐந்து பாட்டுகளைத் திரும்பப் பதிவு செய்தார். அச்சான அட்டையில் அவர்கள் பெயர் இல்லை. பாதித் தட்டை வாசித்தவர்கள் பெயரில்லாமலே உலகம் சுற்றினார்கள்.

மூன்றாவது தட்டைப் பத்திரிகை வாசகர்களாகிய நீங்கள் கட்டாயம் பார்த்திருக்க வேண்டும். ஜெத்ரோ டல் குழுவின் 'திக் ஆஸ் எ பிரிக்' (1972). அட்டையே ஒரு நாளிதழ்! பன்னிரண்டு பக்கம். இல்லாத ஒரு சிற்றூரின் உள்ளூர்ச் செய்திகள், விளம்பரங்கள், குறுக்கெழுத்துப் போட்டி எல்லாம் உண்டு. முதல் பக்கத்தில் முக்கியச் செய்தி, எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் எழுதிய கவிதைக்குக் கொடுத்த பரிசைப் பறித்த விவகாரம். அந்தக் கவிதைதான் பாட்டு என்பது கற்பனை. சிறுவனும் கற்பனை, எழுதியவர் குழுத் தலைவர் இயன் ஆண்டர்சனே. முந்திய ஆல்பமான 'அக்வலங்'கை விமரிசகர்கள் பெரிய தத்துவ ஆல்பம் என்று சொல்லப்போக, அப்படியானால் இந்தாருங்கள் நிஜமான ஒன்று என்று கேலியாகச் செய்தது இது. கேலியாகச் செய்தது அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போயிற்று.

இரண்டு பக்கமும் சேர்த்து ஒரே பாட்டு. நாற்பத்து மூன்று நிமிஷத்துக்கு மேல். இதை எந்தக் கருவியில் எப்படிக் கலைத்துப் போடுவார்கள் என்று என் மருமானைக் கேட்டேன். அவனிடம் பதில் இல்லை. தட்டில் கேட்டால் நடுவில் எழுந்து திருப்ப வேண்டும். கேசட் வந்த காலத்தில் தொண்ணூறு நிமிஷக் கேசட்டின் ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிஷம்; முழுப் பாட்டும் மயிரிழையில் அடங்கிவிடும். எழுந்திருக்காமல் இதைக் கேட்ட முதல் நாள் எனக்குத் தீபாவளி. ஆண்டர்சன் வாசிப்பது குழல். எரிக் கிளாப்டன் அளவுக்குக் கிதார் வராது என்று தெரிந்து, கிதாரைக் கொடுத்துவிட்டுக் குழலை வாங்கியவர். ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு மேடையில் அவர் குழலூதும் படத்தை என் தாயார் பார்த்துவிட்டு, "கிருஷ்ணன் மாதிரி நிக்கிறானே, தலையைத்தான் சீவல" என்றார். மாலியின் குழலைக் கேட்ட காதுக்கு இவருடைய ஊதல் முரட்டுத்தனமாகத்தான் இருக்கும். மூச்சோடு முணுமுணுப்பும் உறுமலும் சேர்ந்து வரும். எனக்குப் பிடித்தது அந்த முரட்டுத்தனமே.

இங்கே சற்று நிறுத்தி, விட்டுப்போனவற்றைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடிதங்கள் வரும். ஒரு குழுவுக்கு ஒரு தட்டு என்று எனக்கு நானே விதித்துக்கொண்டேன். ஆகவே பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்' (1967) இல்லை. அதன் அட்டையில் நிற்கும் கூட்டத்தில் மகாத்மா காந்தியின் உருவமும் இருப்பதாக இருந்தது. இந்தியர் மனம் புண்படும் என்று கம்பெனி எடுக்கச் சொல்லிவிட்டது. பரமஹம்ச யோகானந்தர் முதலான நான்கு யோகிகள் மட்டும் மிஞ்சினார்கள். நல்ல தட்டு, ஆனால் இரண்டு இடத்தில் என் கை ஊசியை நோக்கிப் போகிறது. 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' (1973) எங்கே என்று கேட்பவர்களுக்கும் அதே விதி. அதை விலக்கியதில் எனக்கு இன்னும் உறக்கம் வரவில்லை. பெண்களே இல்லையா என்று என் மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. ஜானி மிட்செலின் 'ப்ளூ' (1971) ஊசியைத் தூக்கவிடாத தட்டுதான். அது ராக் வகையா என்று தயங்கி விட்டுவிட்டேன். இது சமாதானமே தவிரப் பதில் அல்ல என்பது எனக்கே தெரியும்.

இரண்டாவது, பீட்டில்ஸின் 'அப்பி ரோடு' (1969). நான்கு பேரும் ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காமல் பிரிந்துகொண்டிருந்த சமயம். 'லெட் இட் பி' 1970-ல் வெளிவந்தாலும் பெரும்பாலும் முன்பே பதிவானது. சேர்ந்து உட்கார்ந்து கடைசியாகச் செய்தது இதுதான். பீட்டில்ஸ் தட்டுகள் கல்கத்தா டம்டம் தொழிற்சாலையில் அச்சாகி நம் கடைகளுக்கு வந்தன. ஆனால் எங்கள் அங்கிளிடம் இது இல்லை. சம்பாதிக்கத் தொடங்கிய புதிதில் ஒரு கடையில் கேசட்டில் பதிவு செய்து வாங்கினேன். முதல் பக்கக் கடைசிப் பாட்டு ஏழரை நிமிஷத்துக்கு மேல் சுற்றிச் சுற்றி ஏறிக்கொண்டே போய், திடீரென்று கத்தியால் வெட்டியது போல் நின்றது. ஏமாற்றிவிட்டான் என்று நேரே கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். கடைக்காரர் பொறுமையாக, "தட்டுல அப்படித்தான் சார் இருக்கு" என்றார். நான் நம்பவில்லை. பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டுதான் வந்தேன். இரண்டு வருஷம் கழித்து நண்பர் ஒருவர் வீட்டில் அசல் தட்டைக் கேட்டேன். அதே இடத்தில் அதே வெட்டு! ஜான் லெனனே அந்த இடத்தில் நாடாவை வெட்டச் சொன்னாராம். கடையைத் தேடிப் போனேன்; அங்கே பாத்திரக் கடை இருந்தது. அந்தப் பணம் இன்னும் என் கடன்.

இரண்டாம் பக்கத்தைப் பற்றி என்ன சொல்ல! முடிக்காமல் கிடந்த துண்டுப் பாட்டுகளை எடுத்துப் பதினாறு நிமிஷ மாலையாகத் தொடுத்திருக்கிறார்கள். ராகமாலிகையில் ஒரு ராகம் அடுத்ததற்குக் கை கொடுப்பது போல ஒன்று முடியுமிடத்தில் மற்றது பிறக்கும். தனித்தனியே எடுத்தால் பல துண்டுகள் ஒன்றரை நிமிஷம், ஒன்றுமேயில்லை. சேர்ந்தால் பிரியப்போகிற நால்வர் கடைசியாக ஒரே இலையில் சாப்பிடுவது போல் இருக்கிறது. எல்லாம் முடிந்து, மௌனம் வந்து, நாம் எழுந்திருக்கும்போது இருபத்துமூன்று விநாடிக்கு ஒரு குட்டிப் பாட்டு வரும். அது முதலில் மாலையின் நடுவில் இருந்தது. வேண்டாம் என்று வெட்டியதை, பீட்டில்ஸ் பதிவு எதையும் தூக்கிப் போடக்கூடாது என்ற உத்தரவுக்குப் பயந்து இளம் ஒலிப்பதிவாளர் ஒருவர் நாடாவின் கடைசியில் ஒட்டி வைத்தார். கேட்டுவிட்டு இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். மங்களம் பாடி, ஜனங்கள் செருப்பைத் தேடும்போது பாகவதர் ஒரு துக்கடாவை முணுமுணுத்தது மாதிரி.

முதலாவது, பிங்க் ஃபிளாய்டின் 'விஷ் யூ வேர் ஹியர்' (1975).

லண்டனிலிருந்து அங்கிளின் தம்பி அனுப்பி, சுங்கத் தீர்வை கட்டி எடுத்து வந்தது. படமே தெரியாமல் கறுப்பு பிளாஸ்டிக் காகிதம் சுற்றியிருந்தது. அங்கிள் சவர பிளேடால் ஓரத்தைக் கீறினார். உள்ளே, கை குலுக்கும் இரண்டு கோட்டுக்காரர்கள். ஒருவர் உடம்பில் தீ எரிகிறது. ஊசியை வைத்தார். யாரும் பாடவில்லை. ஐந்து நிமிஷம், ஆறு நிமிஷம். எட்டு நிமிஷம் தாண்டித்தான் முதல் குரல் வருகிறது. என் மருமான் "ஸ்லோ மாமா" என்று தள்ளிய தட்டு இதுதான். கல்யாணியை ஆலாபனை செய்கிறவரிடம் போய், சீக்கிரம் பல்லவிக்கு வாருங்கள் என்று சொல்வோமா?

இந்தக் குழுவை முதலில் நடத்தியவர் சிட் பாரெட். பாட்டும் கற்பனையும் அவருடையவை. புத்தி தடுமாறத் தொடங்கியது. போதை மருந்தும் சேர்ந்துகொண்டது. 1968-ல் குழுவை விட்டுப் போனார், அல்லது விட்டுவிட்டார்கள். ஏழு வருஷம் கழித்து அவரைப் பற்றியே இந்தப் பாட்டை ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தபோது, 1975 ஜூன் 5-ந் தேதி, தலையையும் புருவத்தையும் மழித்துக்கொண்டு உடல் பருத்த ஒருவர் ஒலிப்பதிவுக் கூடத்தில் வந்து நின்றார். யாரோ வேலையாள் என்று நினைத்தார்கள். கூடப் பாடிய நண்பர்களுக்கே அவர் சிட் என்று தெரிய வெகுநேரமாயிற்று. தெரிந்ததும் அழுதவர்கள் உண்டு. 2006-ல் பாரெட் இறந்தார். 2002 ஏப்ரலில் ரோஜர் வாட்டர்ஸ் நம் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் பாட வந்தபோது கூட்டத்தில் நானும் ஒருவனாக நின்றேன்.

அந்தப் பாட்டை இரண்டாக உடைத்துத் தட்டின் தொடக்கத்தில் ஒரு பாதியும் முடிவில் ஒரு பாதியுமாக வைத்திருக்கிறார்கள். நடுவில் மற்ற மூன்று பாட்டுகள். இதைக் கலைத்துப் போட்டால் மாலையை அறுத்துப் பூவை எண்ணுவதாகத்தான் முடியும். அங்கிள் 1978-ல் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போய்விட்டார். ரேடியோகிராமை விற்றார். தட்டுகளில் மூன்றை என்னிடம் கொடுத்தார். இது அதில் ஒன்று. இரண்டு மூன்று வருஷம் கிறிஸ்துமஸ் வாழ்த்து வந்தது. அப்புறம் வரவில்லை.

சென்ற ஞாயிறு மருமான் மறுபடி வந்தான். போனை வாங்கி அலமாரிமேல் வைத்துவிட்டு இந்தத் தட்டைப் போட்டேன். முதல் பக்கத்தை நெளிந்துகொண்டே கேட்டான். திருப்பிப் போட்டேன். இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு முடிகிற இடத்தில், அறை முழுக்க நிறைந்திருந்த இசை ஒரே நொடியில் சுருங்கி, பழைய டிரான்சிஸ்டரில் கேட்பது போல் மெலிந்து கரகரக்கும். யாரோ நிலையம் மாற்றுகிற ஓசை. அப்புறம் தூரத்து ரேடியோவில் ஒரு கிதார். அதைக் கேட்டுக்கொண்டு தன் அறையில் உட்கார்ந்திருக்கும் ஒருவன் கூடவே வாசிப்பது போல் இன்னொரு கிதார், பக்கத்தில், தெளிவாக. சிலோன் ரேடியோவுக்குக் காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்த எங்களுக்கு அது யாரென்று சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தத் தூரத்து ரேடியோவின் ஓசையில் மேல் ஓசைகள் கிடையாது. என் இரண்டு காதுக்கும் அது ஒரே மாதிரி கேட்கிறது.

இசை சுருங்கிய அந்த நொடியில் பையன் துள்ளி எழுந்தான். "மாமா, ஸ்பீக்கர் போயிடுச்சு போல இருக்கே!" என்று ஊசியை நோக்கிக் கையை நீட்டினான்.

"தொடாதேடா" என்றேன்.